படம் போட்டால் வேலை முடிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் நடந்த திரையிடலை உங்கள் பக்கத்தில் ஆளாளுக்குப் பாராட்டி எழுதிவிட்டீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஆள்கடத்தல் விழிப்புணர்வு என்று சொல்லி 'ஏ' சான்றிதழ் படத்தைப் போட்டிருக்கிறார்கள். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தது அத்தனையும் பொடிசுகள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைக் காட்டவே கூடாது, சட்டம் அது. பலாத்காரக் காட்சி வந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள், பின்னால் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள்.

படம் போடுவது வேலையே இல்லை. அதற்குப் பிறகு பேசுவதுதான் வேலை. மே மாதம் மும்பையில் ஏழரைக்கு முன்னால் திறந்தவெளித் திரையில் ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. இரண்டரை மணி நேரப் படத்தைப் போட்டால் எப்போது பேசுவீர்கள்?

இருபது நிமிடப் படம் போதும். ஏஜென்ட் வீட்டுக்கு வந்து அட்வான்ஸ் கொடுக்கும் இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டுக் கேளுங்கள்: இந்த அப்பா அவனிடம் என்னென்ன கேட்டிருக்க வேண்டும்? கம்பெனி முகவரி, முதலாளி பெயர், பிள்ளையோடு பேச ஒரு நம்பர். வேனும் மயக்க மருந்தும் காட்டினால் சனங்கள் முகமூடிக்காரனைத்தான் தேடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவன் முகமூடியா போட்டிருந்தான்? ஊருக்குத் தெரிந்தவன், பெற்றவர்கள் கையில் பணத்தைக் கொடுத்துத்தான் கூட்டிப்போனான்.

"இங்கே யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்று மைக்கில் கேட்கவே கேட்காதீர்கள். அனுப்பிவைத்தவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். சொல்ல விஷயம் உள்ளவள் நாற்காலி மடக்கும்போதுதான் மெல்லக் கிட்டே வருவாள். அந்த நேரத்துக்குத் தமிழ் பேசும் பெண் ஒருத்தி அங்கே நிற்க வேண்டும். குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பரைக் கடைசியில் மூன்று நொடி திரையில் காட்டிப் பயனில்லை. தமிழில் அச்சடித்துப் பொதுக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் படிக்கலாம்.

நல்ல எண்ணத்தில்தானே செய்தார்கள் என்பீர்கள். இருக்கட்டும். பெரிய படம் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் முந்நூறு பேர் எதற்கு? சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) சாலாக நாற்பது பேரை உட்காரவைத்துப் போடுங்கள், ஒவ்வொருத்தரும் வாய்திறப்பார்கள். "எதையும் குறை சொல்வீங்க" என்று நேற்று ஒருவர் எழுதினார். இத்தனை வருஷம் இந்த வேலையிலேயே கிடக்கிற என்னிடம் அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது?

படத்தை விடுங்கள். மீட்கப்பட்ட பதினேழு வயதுப் பிள்ளையை மேடையேற்றி, சால்வை போட்டு, "உன் கதையைச் சொல்லும்மா" என்றார்களே, அதை எப்படிப் பொறுப்பது? சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் அவள் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவளை விற்றவன் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தால், அவள் முகமும் இருக்கும் ஏரியாவும் இப்போது அவனுக்குத் தெரியும். இதைச் சொன்னதற்கு "அவங்களே சம்மதிச்சாங்க" என்று பதில் வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளை, தங்க இடம் கொடுத்தவர்களிடம் எப்படி மறுத்துப் பேசும்?

அவளை மேடையேற்றிய போட்டோ இன்னும் உங்கள் பக்கத்தில் கிடக்கிறது. ஷேர் செய்தவர்களும் சேர்த்து, இன்றைக்கே எடுங்கள்.