அச்சு என்றால் நகல் அன்று

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுக் கலைஞர் முனகாத்தா ஷிகோ செதுக்கிய புத்தரின் பத்துச் சீடர்களைப் பற்றி நான் பேசி முடித்ததும், "அச்சுக்குப் போய் இத்தனை புகழ்ச்சியா? ஒரு பலகை இருந்தால் நூறு நகல் எடுத்துவிடலாமே" என்றார் மூத்த ஓவியர் ஒருவர், அரங்கம் சிரித்தது. அன்று பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்போது சொல்கிறேன்: மரப்பலகையில் உருவத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் பதிக்கும் மரச்செதுக்கு அச்சு நகல் அன்று.

முனகாத்தா 1903-இல் ஜப்பானின் அவோமோரியில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே பார்வை மங்கல். ஓவியர் வான்கோவைப் போல ஆகப்போகிறேன் என்று 1924-இல் டோக்கியோவுக்குப் போய், எண்ணெய் வண்ணத்தோடு போராடி, பிறகே மரத்திடம் வந்து சேர்ந்தார். பலகையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்துதான் அவரால் செதுக்க முடிந்தது. 1955-இல் சாவோ பாவ்லோவிலும் 1956-இல் வெனிஸிலும் நடந்த பன்னாட்டுக் கலைக் கண்காட்சிகளில் அச்சுக்கலைக்கான முதற்பரிசு அவருக்குக் கிடைத்தது. நகல் எடுத்ததற்காகவா கொடுத்தார்கள்?

"ஜப்பானின் பழைய மரச்செதுக்கு அச்சு மரபான உகியோ-ஏவில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் எல்லாரும் வேறு வேறு ஆட்கள்தானே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். உண்மைதான், அந்த மரபின் பெரும் ஓவியர் ஹொகுசாயின் படங்களும் அப்படித்தான் உருவாயின. ஆனால் 1904-இல் யமமோட்டோ கனாயே என்ற கலைஞர் தம் 'மீனவர்' படத்தைத் தாமே வரைந்து, செதுக்கி, அச்சிட்டதிலிருந்து வேறொரு வழி பிறந்தது. முனகாத்தா அந்த வழியில் வந்தவர். வண்ணம் வேண்டிய இடங்களில் தாளின் பின்புறத்தில் தூரிகையால் தீட்டி, அது முன்பக்கம் ஊறி வரும்படி செய்தார். ஒவ்வொரு தாளிலும் கையால் தீட்டிய வண்ணம் எப்படி நகலாகும்?

இன்னொன்றையும் கேளுங்கள். 1939-இல் பத்துச் சீடர்களோடு சேர்த்து அவர் செதுக்கிய இரண்டு போதிசத்துவர்களின் (புத்தநிலையை நோக்கிச் செல்பவர்களின்) பலகைகள் போரில் அழிந்தன. 1948-இல் அவர் அவற்றைப் புதிதாகச் செதுக்கினார். பழைய உருவங்கள் அப்படியே திரும்பவில்லை, வேறு உருவங்களே வந்தன. 1942 முதல், அச்சுப்படத்தைக் குறிக்கும் 'ஹாங்கா' என்ற ஜப்பானியச் சொல்லில் அச்சைக் குறிக்கும் எழுத்தை விட்டுவிட்டு, பலகையைக் குறிக்கும் எழுத்தையே அவர் எழுதி வந்தார். ஞாயிறன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் அந்தக் காலத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

ஓவியத்தை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். எனக்கு வலித்தது அந்தச் சிரிப்பு. தூரிகை பிடித்தால் கலைஞர், உளி பிடித்தால் வேலையாள் என்ற எண்ணம் அதில் இருந்தது. என் அப்பா தச்சர். கதவும் நிலையும் செய்தவர். அவர் இழைத்த கதவைத் தடவிப் பார்த்து மெச்சியவர்களே அவரைத் திண்ணையோடு நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கொல்லரின் மகனைப் பற்றிப் பேசியபோது யார் சிரித்தாலும் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும்.

முதன்முதலாக நான் ஒரு மீனைச் செதுக்கி அச்சிட்ட நாளில், தாளையும் பலகையையும் அப்பாவிடம் காட்டினேன். தாளை அவர் ஓரமாக வைத்துவிட்டார். பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உளி ஓடிய பள்ளங்களில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டி, வால் பக்கம் வந்ததும் நிறுத்தினார். "இங்கே மரத்தின் ரேகைக்கு எதிராகப் போயிருக்கிறாய், அதனால்தான் சிராய் எழும்பியிருக்கிறது" என்றார். அந்தச் சிராய் விழுந்த வால் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தாளைக் கொண்டுவர மாட்டேன், பலகையைத்தான் கொண்டுவருவேன்.