ராஜி மெமோவில் கையெழுத்துப் போடும் முன்

கோர்ட்டில் எதிர்த்தரப்பு "ஆறு மாதம் டைம் கொடுங்க, காலி பண்ணிடுறேன்" என்று சொன்னதுமே கேஸ் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். அந்த வாக்கு தாளில் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

வேலப்பாடியில் என் அத்தை வீட்டுக்குக் குடிவந்தவர் இப்படித்தான் ராஜிக்கு, அதாவது சமரசத்துக்கு வந்தார். அத்தை பாக்கி வாடகையில் பாதியை விட்டுவிட வேண்டும், அவர் பங்குனிக்குள் காலி செய்வார். இருவரும் அதை எழுதிய மெமோவில் கையெழுத்துப் போட, கோர்ட்டும் அதன்படியே உத்தரவிட்டது. ஆடி பிறந்தும் ஆள் அசையவில்லை. கோர்ட் அவமதிப்பு போடலாமே என்று அத்தை கேட்டபோது, வக்கீல் மெமோவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "காலி செய்ய ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்தது. நீதிமன்றத்துக்கு உறுதிமொழி அளிக்கிறேன் என்ற வரியைக் காணோம்.

1971-ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறினால் அவமதிப்பு, ஆறு மாதம் வரை ஜெயில். ஆனால் ராஜியை ஏற்று உத்தரவு போட்டதாலேயே அதில் உறுதிமொழியும் அடங்கிவிடாது என்று பாபு ராம் குப்தா வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, அதற்கு வரும் கோர்ட் ஊழியரான அமீனா, வாய்தா மேல் வாய்தாதான். விட்டுக்கொடுப்பவர் அன்றைக்கே இழக்கிறார், வாக்குக் கொடுத்தவருக்கோ நாள் கிடைக்கிறது. எனக்கு ஆத்திரமே அங்கேதான். தனி அஃபிடவிட்டில் உறுதிமொழி, காலி செய்யும் தேதி, தவறினால் முழு பாக்கியும் கட்ட வேண்டும் என்ற வரி, இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் அவசரப்படுத்தினாலும் சரி.

தேதி போட்ட நிபந்தனை எப்படி இருக்கும் என்பதற்கு தோல் ஆலைக் கழிவு கலந்த நம் பாலாறு வழக்கே உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் ஆலைகளை மூடும் உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நவம்பர் 30-க்குள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும், டிசம்பர் 15-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்காத ஆலையை மூட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியது. அப்படி எழுதியும் கண்காணிக்க ஆள் வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது.

அந்தக் குழுவிடம் ஆலைகளும் அதிகாரிகளும் தரும் ஒவ்வொரு வாக்கையும், கெடு தேதியோடு, தமிழில், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்து ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கேட்கலாம்.