ஆடியோ கேம்: கதை முடிஞ்ச மறுநாள் எதுக்கு திறக்கணும்?

பார்வையில்லாதவங்களுக்காக, சத்தத்த மட்டும் கேட்டு விளையாடுற ஆடியோ கேம் பண்றேன்னு யாராவது சொன்னா எனக்கு உண்மையாவே சந்தோஷமா இருக்கும். ஆனா அடுத்த வரியிலேயே த்ரீடி சவுண்ட், பெரிய வாய்ஸ் ஆக்டர்ஸ், ஆறு மணி நேரக் கதைன்னு ஆரம்பிச்சா நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கதைய முடிச்ச மறுநாள் நான் அத எதுக்குங்க திறக்கணும்? பார்வையில்லாத எங்களுக்கு வர்ற கேமே கொஞ்சம், அதுலயும் பாதி ஒரு தடவ கேட்டுட்டு வைக்கிற நாடகம் மாதிரி இருந்தா எப்படி.

2010ல ஐபோனுக்கு பாப்பா சாங்ரேன்னு ஒரு கேம் வந்துச்சு. ஸ்க்ரீன் கீழ்ப்பக்கம் இடது கால், வலது கால்னு மாத்தி மாத்தி தட்டினா நடக்கும், அவசரப்பட்டு தட்டினா தடுக்கி விழும், விழுற சத்தத்துல பக்கத்துல தூங்குற மான்ஸ்டர் முழிச்சிக்கும். ஹெட்போன் போட்டு முதல் தடவ விளையாடும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும், அவ்ளோ அருமையான வேலை. ஆனா எது எங்க இருக்குன்னு காது ஒருதடவ மனப்பாடம் பண்ணிடுச்சுன்னா அதோட பயம் போச்சு. பார்வை உள்ளவங்க ஒரே லெவல மறுபடி விளையாடும்போது கூட சும்மா சுத்திப் பாக்க ஏதாவது இருக்கும், எங்களுக்கு சத்தம்தான் இடம், சத்தம்தான் புதிர், ரெண்டும் ஒண்ணா தீர்ந்துடும்.

2021ல கனடாவுல இருந்து வந்த தி வேல் இன்னும் நல்லா பண்ணிருந்தாங்க. கதாநாயகியே பார்வையில்லாத இளவரசி, இடது, நடு, வலதுன்னு எந்தப் பக்கத்துல இருந்து வாள் வருதுன்னு கேட்டு அந்தப் பக்கம் கேடயத்தை திருப்பணும். நான் எல்லாருக்கும் சொல்ற கேம் அது. ஆனா ரெண்டாவது தடவ போனா அதே டயலாக், அதே நடிகரோட வேகத்துல. ஸ்க்ரீன்ல இருக்குற எழுத்த சத்தமா படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்ல பழகின காது எவ்ளோ வேகமா கேக்கும்னு இந்த டெவலப்பர்ஸ் யோசிக்கவே மாட்டேங்குறாங்க. நல்ல நடிப்ப முதல் தடவ ரசிச்சு கேப்போம், தெரிஞ்ச விஷயத்தையே மறுபடி அதே நிதானத்துல கேக்க வைக்கிறது தண்டனை. தயவுசெஞ்சு எல்லா பேச்சுக்கும் ஒரு ஸ்கிப் பட்டன் வைங்க, டுடோரியலுக்கு முதல்ல வைங்க.

எனக்கு இன்னிக்கு வரைக்கும் அலுக்காத கேம் ஆடியோ கேமே இல்ல. ஸ்லே தி ஸ்பயர், 2019ல முழுசா ரிலீஸ் ஆன கார்டு கேம், அதுக்கு சே தி ஸ்பயர்னு ஒரு மாட் (ரசிகர்கள் பண்ணின கூடுதல் சாஃப்ட்வேர்) இருக்கு, ஸ்க்ரீன்ல இருக்குறதெல்லாம் படிச்சிடும். முதல் சண்டையில ஜா வோர்ம்ங்கற எதிரி வந்து நிக்குதுன்னு வைங்க, 11 டேமேஜ் அடிக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லிடும். கையில அஞ்சு கார்டு, செலவு பண்ண மூணு எனர்ஜி. தடுக்குற கார்டான டிஃபென்ட் ரெண்டு போட்டா 10 தடுக்கும், ஒண்ணு உள்ள வரும், மிச்ச எனர்ஜில அடிக்கிற கார்டான ஸ்ட்ரைக் ஒண்ணு, 6 டேமேஜ். இல்ல அடி வாங்கினாலும் பரவால்லன்னு மூணும் ஸ்ட்ரைக்கா போட்டு சீக்கிரம் முடிக்கலாமா? இந்த யோசனைதான் விளையாட்டு. மேப் ஒவ்வொரு தடவையும் மாறும், கிடைக்கிற கார்டு மாறும், கூடுதல் சக்தி குடுக்குற ரெலிக்ங்கற பொருள் மாறும், ஜெயிக்க ஜெயிக்க அசென்ஷன்னு கஷ்டத்த 20 படி வரைக்கும் ஏத்திக்கலாம், இந்த மாற்றத்தையெல்லாம் முடிவு பண்ற சீட் நம்பர ஒண்ணாவே போட்டு ஃப்ரெண்டும் நானும் அதே ஆட்டத்த ஆடிட்டு நீ எங்க தோத்தன்னு மணிக்கணக்கா பேசலாம்.

இதுல இருந்து நான் புரிஞ்சிக்கிட்டது என்னன்னா, நிலைமை மாறணும், சத்தத்தோட அர்த்தம் மட்டும் மாறவே கூடாது. எதிரி எங்க இருந்து வர்றான், எத்தன பேர், வழி எந்தப் பக்கம் திரும்புது, இதெல்லாம் எவ்ளோ வேணா ரேண்டமா வைங்க. ஆனா வெரைட்டிக்காகன்னு சொல்லி ஒரே எதிரிக்கு ஏழெட்டு விதமா சத்தம் போட்டு அதுல ரெண்டு இன்னொரு எதிரி மாதிரியே இருந்தா, அது கஷ்டம் இல்லைங்க, அநியாயம். அப்புறம் ரேண்டமா ஒரு பள்ளத்தை வச்சா அதுக்கு முன்னாடியே காலடி சத்தமோ எதிரொலியோ மாறணும், கண்ணு ஒரு நொடியில பாக்குறத காது கேட்டு முடிக்க நேரம் வேணும்.

ரெண்டு பேர் மோதுற சண்டை கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இத சரியா பிடிச்சிருக்கு. 2023ல வந்தப்பவே எதிராளி எவ்ளோ தூரத்துல இருக்கான், அடி மேல வருதா கீழ வருதா, நம்மள தாண்டி பின்னாடி குதிச்சிட்டானா, எல்லாத்துக்கும் தனித்தனி சத்தம் செட்டிங்ஸ்லயே வச்சிட்டாங்க. சத்தம் ஒரே சத்தம்தான், எதிர்ல ஆடுறவன் மனுஷன், அதனால ஒவ்வொரு மேட்ச்சும் வேற.

டாப் ஸ்பீட்ங்கற பழைய ஆடியோ ரேஸ் கேம இப்பவும் சிலர் விடாம வச்சிருக்க காரணமும் சொல்லிடுறேன். வண்டி ரோட்டோட எந்த ஓரத்துல போகுதுன்னு இன்ஜின் சத்தம் இடம் வலம் நகர்றதுலயே தெரியும், வளைவு வர்றத கோ-டிரைவர் குரல் முன்னாடியே சொல்லும், அது அடிப்படை. அதவிட முக்கியம், ட்ராக்குங்கறது டெக்ஸ்ட் ஃபைல். பார்வையில்லாதவங்களே உக்காந்து புது ட்ராக் எழுதி மத்தவங்களுக்கு அனுப்பினாங்க. டெவலப்பர் அப்டேட் குடுக்கலன்னாலும் கேம் சாகாது.

அதனால பட்ஜெட்ட எல்லாம் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல கொட்டுறதுக்கு முன்னாடி வெறும் பீப் சத்தமும், எழுத்த படிக்கிற கம்ப்யூட்டர் குரலான டிடிஎஸ்சும் வச்சு கேம பண்ணிப் பாருங்க. அந்த பீப்லயே திரும்பத் திரும்ப ஆடணும்னு உங்க டெஸ்டருக்கு தோணலன்னா, எந்த நடிகரும் அத காப்பாத்த முடியாது. தமிழ்ல பண்ண நினைக்கிறவங்க பேச்ச ஆடியோ ஃபைலா மட்டும் வைக்காம டெக்ஸ்டாவும் ஸ்க்ரீன் ரீடருக்கு அனுப்புங்க, என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர்ல ஈஸ்பீக்ங்கற கம்ப்யூட்டர் குரல் தமிழ் படிக்கும், வேகத்த நாங்க எங்களுக்கு ஏத்த மாதிரி வச்சிக்குவோம். டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, ஒரு மாசம் விளையாடிட்டு என்ன தோணுச்சுன்னு சொல்றேன்.