அந்த அம்மா சொன்னதும் சாட்சிதான்

போன ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்களும், பிறகு காணொளியில் பார்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகையால் முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. வீடு கிடைத்தது, பதவி உயர்வு வந்தது, விசா கைக்கு வந்தது என்று வரிசையாகப் பலர் சொல்லி முடித்த பின், அந்த வயதான அம்மா ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் கர்த்தர் நல்லவர்" என்றார். நடத்திக்கொண்டிருந்த சகோதரர் சிரித்துக்கொண்டே, "அது தெரியும் அம்மா, உங்களுக்கு என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள், நேரமாகிறது" என்றார். சபையும் சிரித்தது. கூட்டத்தோடு நானும் சிரித்துவிட்டேன் என்பதுதான் நான்கு நாட்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"அது தெரியும்" என்றாரே, உண்மையாகவே நமக்குத் தெரியுமா? இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய விவகாரத்துக்குப் பிறகு, பத்துக் கட்டளைகளின் முதல் கற்பலகைகள் உடைந்து கிடந்த நிலையில், "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று கேட்டான் மோசே. கர்த்தர் அவனுக்கு முன்பாகக் கடந்துபோகையில் தம்முடைய குணத்தையே கூறினார்: இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் மகா தயையும் சத்தியமுமுள்ள தேவன், குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர். யாத்திராகமம் 34-ஆம் அதிகாரம். அதைக் கேட்ட மாத்திரத்தில் மோசே தரைமட்டும் குனிந்து பணிந்துகொண்டான். "அது தெரியும் ஆண்டவரே, எனக்கு என்ன செய்வீர், அதைச் சொல்லும்" என்று அவன் கேட்கவில்லை.

இதே வார்த்தைகளை ஏறக்குறைய அப்படியே இன்னொருவனும் சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. யோனா 4-ஆம் அதிகாரத்தில், தான் எச்சரிக்க அனுப்பப்பட்ட நினிவே நகரம் அழியாமல் தப்பிய கோபத்தில், நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று அவன் தேவனிடத்திலேயே புகார் வாசிக்கிறான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் அதில் மகிழ முடியாதவனாக இருந்தான். நாம் மோசேயின் பக்கம் நிற்கிறோமா, யோனாவின் பக்கமா என்பதை ஞாயிறு அன்று எழுந்த சிரிப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

கர்த்தர் இப்படிப்பட்டவர் என்பதே மகிழ்வதற்குப் போதுமான காரணம். நான் சொல்வது அவ்வளவுதான், திரும்பத் திரும்பச் சொல்வேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி தன் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் சொன்னான். கையில் இருந்தவற்றைக் கணக்குப் பார்த்து அவன் மகிழவில்லை, கணக்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆனால் வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் நமக்குக் கிடைப்பதெல்லாம் அதே அதிகாரத்தின் 19-ஆம் வசனம்: மான்கால்கள், உயரமான ஸ்தலங்கள். மாடில்லாத தொழுவத்தை அச்சிட்ட அட்டையை நான் இதுவரை கண்டதில்லை.

"அப்படியானால் நன்மைகளுக்கு நன்றி சொல்லக்கூடாதா? அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே என்று 103-ஆம் சங்கீதத்தில் இல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுகம் பெற்ற பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒருவனை இயேசு பாராட்டவே செய்தார். வீடு கிடைத்தவர் தாராளமாகச் சாட்சி சொல்லட்டும், நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அதே சங்கீதம் உபகாரங்களை எண்ணிவிட்டு, 8-ஆம் வசனத்தில் எங்கே வந்து நிற்கிறது? கர்த்தர் உருக்கமும் இரக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர். மறுபடியும் மோசே கேட்ட அதே வார்த்தைகள். பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று சந்தோஷத்தோடே திரும்பி வந்த, இயேசு அனுப்பிய எழுபது பேரின் சாட்சியைக் கேட்ட கர்த்தர், அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார். இன்றைக்கு இருந்தால் அவரிடமும் நேரமாகிறது என்று சொல்லியிருப்போமோ என்னவோ.

"சாதாரண விசுவாசிகளுக்கு இதெல்லாம் புரியாது" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது.

என் அப்பாவின் கடைசி வாரங்களைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. தினமும் மாலையில் 136-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வார். நான் ஒவ்வொரு வசனத்தின் முற்பாதியை வாசிக்க, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று அவர் முடிப்பார். மொத்தம் 26 தடவை. பிறகு மூச்சு போதாமல், "கிருபை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அதன்பின் அதுவும் இல்லை, போர்வையின்மேல் ஒரு விரல் மட்டும் எழும்பித் தாழும். நான் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன். அவர் குணமடையவில்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் ஒருவர் வீடு தேடி வந்து, இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். விசுவாசம் எந்த அளவுகோலில் அளக்கப்படுகிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அவரைக் கதவு வரை வழியனுப்பி வைத்தேன்.

இதைச் சாட்சி நேரத்தில் சொன்னால் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? சுகம் இல்லை, அற்புதம் இல்லை, முடிவில் கைதட்டுவதற்கும் இடமில்லை. எருசலேம் இடிந்து கிடக்கையில் எழுதப்பட்ட புலம்பல் புத்தகத்தின் நடுவில்தான் அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று இருக்கிறது. எழுதியவனின் கண்முன் கிடந்தது சாம்பல். அவனையும் மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆம், கோபம்தான், அதில் பாதி என்மேலேயே. அந்த அம்மா ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மன்னியுங்கள் தம்பி" என்று சொல்லிக்கொண்டே, இருக்கைகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்தபடி தன் இடத்துக்குப் போனார். எங்கள் வரிசையைக் கடந்துதான் போனார். நான் எழுந்து ஒரு "ஆமென்" சொல்லியிருக்கலாம்.

வருகிற ஞாயிறு சாட்சி சொல்ல நான் பெயர் கொடுத்திருக்கிறேன். 136-ஆம் சங்கீதம், 26 வசனங்கள். மெதுவாகத்தான் வாசிப்பேன்.