மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா?

மடக்குக் கத்தி எதை வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் கூடவே ஒரு படமும் அனுப்புகிறார்கள். கறுப்புப் பூச்சு, பாதி வரைக்கும் ரம்பப் பல், விரல் பட்டதும் பட்டென்று திறக்கிற விசை, நாலு மில்லிமீட்டர் தடிமன். யாரை வெட்டப் போகிறீர்கள் ஐயா?

நமக்கு இருக்கிற வேலை என்ன? கூரியர் பார்சலின் டேப், சணல் கயிறு, அரிசி மூட்டையின் தையல், ரயிலில் ஒரு கொய்யாவோ மாம்பழமோ. இதற்கெல்லாம் வேண்டியது மெல்லிய அலகு. இதுதான் என் கட்சி. எஃகு என்ன ரகம் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் தடிமனைப் பார்ப்பதே இல்லை. தடித்த கத்தியை எவ்வளவு தீட்டினாலும் ஆப்பிளை நறுக்காது, ஆப்பு மாதிரி இறங்கிப் பிளக்கும்.

என்னைக் கேட்டால் ஓப்பினல் எட்டாம் நம்பர். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. எட்டரை சென்டிமீட்டர் அலகு, தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, மரப்பிடி, கழுத்தில் ஓர் உலோக வளையம். திறந்தபின் வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. அந்த வளையம் 1955-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அறுபத்தைந்து வருடமும் பூட்டில்லாமல்தான் ஓடியிருக்கிறது. தக்காளியில் வைத்து இழுத்துப் பாருங்கள், அழுத்தவே வேண்டாம்.

இதிலே கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு உண்டு. கத்திப் பிரியர்கள் கார்பனைத்தான் கொண்டாடுவார்கள். சீக்கிரம் கூர் ஏறும், உண்மைதான். ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கி வைத்தால் சென்னைக் காற்றில் மறுநாளே கறை தெரியும். கடலோரத்தில் இருப்பவர்கள் அலகில் ‘இனாக்ஸ்’, அதாவது துருப்பிடிக்காதது, என்று பொறித்ததையே வாங்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி, கத்தி திறக்க மறுக்கும். அப்போது நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறந்து வைத்து, பிடியின் முனையை மேசையில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் செய்வதும் இதைத்தான். அப்புறம் அலகு சுழலும் ஆணி இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்.

மரத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்களுக்கு விக்டோரினாக்ஸ். 1891-இலிருந்து சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கிற கம்பெனி. அதிலும் இருபது கருவி வைத்த குண்டுக் கத்தி வேண்டாம், சட்டைப்பையே இறங்கிப்போகும். 58 மில்லிமீட்டர் குட்டி ஒன்று இருக்கிறது; அதிலுள்ள கத்தரிக்கோலுக்காகவே வாங்கலாம். மாத்திரை அட்டை, நூல், நகம் எல்லாவற்றுக்கும் கை அதற்குத்தான் போகும்.

இந்த இரண்டு கம்பெனிகளின் எஃகும் மென்மையானது, சீக்கிரம் மழுங்கும் என்று குறை சொல்வார்கள். மழுங்கட்டுமே! மென்மையான எஃகு வீட்டிலேயே கூர் ஏறும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மெருகு பூசாத சொரசொர விளிம்பு ஒன்று இருக்கும். கத்தியை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, அந்த விளிம்பில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு மாற்றி மாற்றி இழுத்தால் செய்தித்தாளைக் கிழிக்காமல் வெட்டும். விலை உயர்ந்த கடின எஃகு நாள்படக் கூர் நிற்கும், சரி. மழுங்கிய பிறகு வைரத்தூள் பதித்த தீட்டுக்கல் தேட வேண்டும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இந்தச் சின்னக் கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சக்கரத்தில் பட்டுச் சூடேறி நீலம் பாரித்தால் பதம் போய்விடும்.

பூட்டு அவசியமா? இழுத்து நறுக்குவதற்கு வேண்டியதில்லை. முனையால் குத்தித் துளை போடுகிறவர்களுக்கு வேண்டும், இல்லையென்றால் மடங்கி விரலைப் பதம் பார்க்கும். லண்டனில் இருக்கும் மச்சானுக்கு வாங்குவதானால் மட்டும் பூட்டில்லாத, அலகு 3 அங்குலத்தைத் தாண்டாத கத்தியாகப் பாருங்கள். பூட்டு இருந்தாலோ நீளம் கூடினாலோ பொது இடத்தில் வைத்திருக்க அங்கே தக்க காரணம் காட்ட வேண்டும். அவருக்குக் கொண்டுபோகும்போது கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள். விமான நிலையச் சோதனையில் குட்டிக் கத்தியையும் விடமாட்டார்கள்.