காட்டுப் பச்சையைப் பார்த்தால் கண்ணாடி கழன்றுவிடுமா?

பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு செய்தி: "ஏற்காட்டு மரத்தடியில் மூன்று நாள் பாடம் நடத்தினால், பச்சையைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகளின் பவர் இறங்கிவிடும். கண்ணாடி தேவையில்லை."

தவறு. கிட்டப்பார்வையில், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறையில், பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுகிறது. நீண்டது இலையைப் பார்த்துச் சுருங்காது. இதை நம்பிக் கண்ணாடியைக் கழற்றிவைத்தால் கரும்பலகை மங்கும், மதிப்பெண் குறையும், திட்டு மட்டும் கூடும்.

புரளி முளைத்த இடத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் இந்த வகுப்பு வைத்த பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கமான பள்ளிகளில் 39.5. அதாவது வராமல் தடுக்க ஓரளவு உதவும், வந்ததைப் போக்காது.

காரணம் பச்சை நிறமல்ல, வெளிச்சம் என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வகுப்பறையில் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். பகலில் மர நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நின்று மிளகுக்கொடி ஏறுவதைப் பார்ப்பது அருமையான பாடம், கூட்டிப் போங்கள். ஆனால் கண்ணுக்குக் கணக்கு தினசரி நேரம்தான், ஆண்டுக்கொரு சுற்றுலா அல்ல. அதற்குச் சேலம் பள்ளி மைதானத்து வேப்பமரமே போதும். (மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கவும் வேண்டாம்.) கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டே வரட்டும், கிளையில் இருக்கும் குருவி அப்போதுதான் தெரியும்.