வில்லங்கச் சான்று பார்க்கத் தெரிந்தவர்களும் கார்ப்பரேட் சட்டத்துக்கு வரலாம்

கார்ப்பரேட் சட்டம் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் படித்து, சரளமாக ஆங்கிலம் பேசுவோருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குச் செல்லும் கல்லூரிகள் மிகச் சிலவே என்பதால், அந்த எண்ணத்தை முழுத் தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை உண்மையில் என்ன என்பதை அறியாமலேயே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒரகடத்தில் சிப்காட் குத்தகை நிலத்தில் தொழிற்சாலை நடத்தும் ஒரு நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையை மட்டும் வாங்குவதா, நிறுவனத்தின் பங்குகளையே வாங்குவதா என்பதுதான் வழக்கறிஞரிடம் வரும் முதல் கேள்வி. பங்குகளை வாங்கினால் நிலமும் உரிமங்களும் அதே நிறுவனத்தின் பெயரிலேயே தொடரும். ஆனால் பழைய வரிப் பாக்கியும் தொழிலாளர் வழக்குகளும் அதனுடனேயே வந்து சேரும். உரிமையாளர் மாறுவதற்கு சிப்காட்டின் முன் ஒப்புதல் தேவையா என்பதைக் குத்தகைப் பத்திரத்தை வரி வரியாகப் படித்துத்தான் சொல்ல வேண்டும். வங்கியில் அடமானம் இருக்கிறதா, இயக்குநர் குழுத் தீர்மானங்கள் முறையாக உள்ளனவா என்று பார்த்து அறிக்கை எழுதும் இந்த ஆய்வைத்தான் டியூ டிலிஜென்ஸ் என்கிறார்கள். அதில் கண்டறிந்த குறைகளில் எவை விலையைக் குறைக்கும், எவற்றுக்கு விற்பவர் இழப்பீட்டு உறுதி தர வேண்டும், எவற்றைச் சரிசெய்த பிறகே பணம் கைமாற வேண்டும் என்று பேசி முடிவுசெய்து எழுதுவதுதான் ஒப்பந்தம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், பொதுவாக 25 சதவீத வாக்குரிமையை எட்டியதும் பிற பங்குதாரர்களிடமிருந்தும் பங்குகளை வாங்க முன்வருவதாக அறிவிக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2011 விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் ஒப்பிட்டு வங்கிக்கு லீகல் ஒப்பீனியன் எழுதும் ஊர்ப்புற வழக்கறிஞரின் வேலைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அவரிடம் ஜூனியராக இருந்தவருக்கு, ஆவணத்தில் எழுதப்படாமல் விடப்பட்டதைக் கவனிக்கும் பழக்கம் வந்திருக்கும். ஆங்கிலத்தில் துல்லியமாக எழுதுவதை மட்டும் அவர் தனியே பயில வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பங்கு வெளியிடும் நிறுவனங்களின் வரைவு ஆவணங்கள் செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இடர்கள், நிலுவை வழக்குகள் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தாலே, பல சான்றிதழ் வகுப்புகள் தராத பயிற்சி கிடைக்கும்.

சட்ட நிறுவனம் மட்டுமே வாசல் அல்ல. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் வந்த பிறகு, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வாதாடவும் செய்து, நிறுவன மீட்புத் திட்டங்களை வரையவும் செய்கிற வாய்ப்பு உருவாகியிருக்கிறது. இரண்டிலும் ஆர்வமுள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நிறுவனச் செயலர் (கம்பெனி செக்ரட்டரி) படிப்பையும் சேர்த்து முடிப்போருக்கு வேறொரு வழி உண்டு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முழுநேரச் செயலரை நியமித்தே ஆக வேண்டும். நிறுவனங்களின் சட்டப் பிரிவில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்பவர்கள், பார் கவுன்சில் விதிப்படி அந்தக் காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பணி ஆணையில் கையெழுத்திடும் முன் இதை யோசிப்போர் குறைவு.

இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது தரப்பட வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல நேர்ந்த நிலையில், முதல் தலைமுறைப் பட்டதாரி சம்பளத்தை முன்னிட்டு இத்துறையைத் தேர்ந்தெடுப்பதில் குறையொன்றும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் வாரங்களில் இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வரட்டும்.

கல்லூரிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகக் கற்பிக்கிறோம். ஆனால் முழுமையான ஒரு வணிக ஒப்பந்தத்தைக் கையில் தொடாமலேயே மாணவர்கள் பட்டம் பெற்றுவிடுகிறார்கள். ஆவணம் வரைதல் ஏற்கெனவே கட்டாயப் பாடமாக இருப்பதால், அதில் ஒரு பங்கு கொள்முதல் ஒப்பந்தத்தைச் சேர்ப்பதற்குப் புதிய பாடத்திட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.